மழைக்கு ஒதுங்கும் குடை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினாறு வருஷமாக ஒரு தபஸ்வி நிற்கிறார். ஒற்றைக் கால். தென்கிழக்கு பார்த்த முகம். வெயிலுக்கு ஒதுங்கியதில்லை, பனிக்கு ஒதுங்கியதில்லை. அவர் நீட்டிய கையில் தினமும் காலை ஆறரைக்கு ஒரு காக்கை வந்து உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டு போகும். அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். பாதத்தில் இருந்த நாலு போல்ட்டில் இரண்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. மீதி இரண்டோடு துணி காயப்போடும் கொடிக்கயிறும் சேர்ந்துதான் அவரை இழுத்துப் பிடித்திருக்கிறது. 2018 கஜா புயலில் மன்னார்குடிப் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்தபோதுகூட அவர் சாயவில்லை. சற்றே திரும்பினார், அவ்வளவுதான். திரும்பி, பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டிலை ஒரு மாதம் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவே மூன்று வாரம் ஆனதால் எங்களுக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

கடைக்காரர் டிஷ் என்பார். எங்கள் தெருவில் குடை. இந்தக் குடையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆளில்லாத காலம் இது. டிடிஎச் தொழில் தேய்கிறது, சந்தாதாரர்கள் ஓடுகிறார்கள், கம்பெனிகள் எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் பத்திரிகைகளின் வணிகப் பக்கத்தில் எழுதுகிறார்கள். நன்றிகெட்ட பேச்சு. பதினாறு வருஷம் அதன் நிழலில் குடியிருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இப்படியொரு ஞானகுரு எங்கள் வீட்டுக்கு வேறு வழியில் வந்திருக்க மாட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெரியவர்கள் பெயரைச் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள்.

முதலில் மழை. குடை என்றால் நாம் மழையில் நனையாமல் காப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். மழை வந்தால் தான் முதலில் ஒதுங்கிக்கொள்ளும் குடையை 2009 தீபாவளி ஆஃபரில்தான் பார்த்தோம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற சேட்டிலைட்டிலிருந்து கேயு பேண்ட் அலை கிளம்புகிறது. அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். அத்தனை தூரத்தையும் அநாயாசமாகக் கடந்து வந்துவிடும். கடைசி நாலைந்து கிலோமீட்டரில் மழைத்துளியைக் கண்டால் போதும், அதற்குள்ளேயே அடக்கமாகக் கரைந்துபோகும். துளியின் அளவு அலையின் அளவுக்கு ரொம்ப எட்டத்தில் இல்லாததால் தண்ணீர் அதைக் கொஞ்சம் உறிஞ்சிவிடுகிறது, மிச்சத்தைச் சிதறடித்துவிடுகிறது என்று பௌதிகம் படித்தவர்கள் விளக்குவார்கள். ஏழு கடல் தாண்டி வந்த மாப்பிள்ளை எங்கள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாற்போல என்று எனக்குப் படும். ஆனால் வருணனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிற பணிவு இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது?

இந்தப் பணிவால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமில்லை. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கே கடல் பக்கமிருந்து ஏறி வரும். குடை பார்த்துக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். ஆகவே மேகம் எங்கள் தெருவுக்கு வந்து சேருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே குடையின் கண்ணை மறைத்துவிடும். சீரியலில் மாமியார் வாயைத் திறந்தவள் திறந்தபடி நிற்பாள். அவள் முகம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம் நீலத் திரை, சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு, ஒரு எர்ரர் நம்பர். அம்மா அதைப் படிக்கக் காத்திருப்பதில்லை. "மாமியார் நின்னுட்டாடா, துணிய எடு" என்று சொல்லிக்கொண்டே பாதி மாடிப்படி ஏறியிருப்பாள். கொடியிலிருந்து கடைசிச் சேலையை உருவவும் முதல் துளி விழவும் சரியாக இருக்கும்.

வானிலை மையம் தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து மிதமானது முதல் கனமானது வரை என்று பொதுவாகச் சொல்லும். எங்கள் குடை எங்கள் கொடிக்கயிற்றுக்கு மட்டும் தனியாகச் சொன்னது. பதினாறு வருஷத்தில் ஒரு சேலை நனைந்ததில்லை. புயல் நாட்களில் இன்னும் விசேஷம். கரையை எங்கே கடக்கிறது, எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று ஊரே டிவி முன்னால் பதறிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பதற்றம் எங்களை அண்டாமல் குடை பார்த்துக்கொண்டது.

வருணனுக்கு மட்டும் மரியாதை செய்தால் சூரியன் கோபித்துக்கொள்ள மாட்டானா? மார்ச்சில் சில நாளும் புரட்டாசி வாக்கில் சில நாளும் சூரியன் சரியாகச் சேட்டிலைட்டின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது குடையின் காதில் சூரியனின் இரைச்சல் மட்டும் விழும், சேட்டிலைட் பேசுவது விழாது. பகலில் சில நிமிஷம் படம் போய்விடும். அது கோளாறு இல்லையாம், வானியல். கஸ்டமர் கேரில் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை.

சூரியன் என்றதும் 2010 ஜூலை ஞாபகம் வருகிறது. இஸ்ரோவின் இன்சாட் 4பி சேட்டிலைட்டில் சூரிய மின்தகட்டில் கோளாறு ஏற்பட்டு, 24 டிரான்ஸ்பாண்டர்களில் 12ஐ அணைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சேட்டிலைட்டை நம்பித்தான் சன் டைரக்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெயரிலேயே சூரியனை வைத்திருந்த சேவை சூரிய வெளிச்சம் போதாமல் தடுமாறி, மலேசியாவின் மீசாட்டில் போய் அடைக்கலம் புகுந்தது. காளமேகம் இருந்திருந்தால் இந்த ஒரு சம்பவத்துக்கே ஒரு வெண்பா தேறியிருக்கும். ஆனால் பெயரே காளமேகம். அவர் கிட்ட வருவதற்குள் சிக்னல் போயிருக்கும்.

மழைக்கும் வெயிலுக்கும் அப்படி விட்டுக்கொடுக்கிறவர் மனிதர்கள் விஷயத்தில் எவ்வளவு கறார் தெரியுமா? ரீசார்ஜ் முடிகிற நாளன்று பார்க்க வேண்டும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடைமழை பெய்து படமே வராமல் இருந்திருக்கும். அந்த நாலு நாளும் கணக்கில் உண்டு. ராத்திரி பன்னிரண்டு அடித்தால் நிற்கும். பன்னிரண்டு ஒன்று கிடையாது. மின்வாரியம் ஃபியூஸைப் பிடுங்குவதற்குக்கூடக் கொஞ்சம் நாள் கொடுத்துப் பார்க்கும். பால்காரர் மூன்று மாதம் பொறுப்பார். இப்படி நேரம் தவறாத ஒரு ஜீவன் இந்த ஊரில் வேறு இல்லை. மன்னை எக்ஸ்பிரஸ்கூட அதற்கு அடுத்தபடிதான்.

ஒருநாள் மழையே இல்லாத சித்திரையில் படம் நின்றது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு இந்த எண்ணை அழுத்து என்றது. அழுத்தினேன். நல்ல தமிழில் வணக்கம் சொல்லிவிட்டு ஒரு பெண் விஷயத்துக்கு இந்தியில் வந்தார். செட்டாப் பாக்ஸை அணைத்துப் போடுங்கள் என்றார். பதினாலு தடவை அணைத்துப் போட்ட பிறகு ஆள் வருவார் என்றார். விசிட்டிங் சார்ஜ் உண்டு, வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு. சரிசெய்தால் அது தனி.

மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். ஒல்லியாக, தோளில் ஒரு பையோடு. பையிலிருந்து கறுப்புக் கேபிள் ஒரு சுருள், வெள்ளைக் கேபிள் ஒரு சுருள் எட்டிப் பார்த்தன. மாடிக்குப் போய் குடையின் கைநுனியில் சிக்னல் வாங்கும் பெட்டியை இரண்டு தட்டு தட்டினான். கீழே இறங்கி வந்து, "எல்.என்.பி போச்சுங்கம்மா. காக்கா ஒயர கொத்தி வச்சிருக்கு" என்றான்.

"மாத்து தம்பி."

"மாத்தலாம்மா. ஆயிரம் கிட்ட ஆவும்." கொஞ்சம் நேரம் சும்மா நின்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசாம நெட்டு போட்டுக்கங்களேன்மா. ஒயரு ஒங்க தெரு வரைக்கும் வந்துடுச்சு. நாந்தான் அதுவும் போடுறேன்" என்றான்.

வெள்ளைச் சுருள் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குருவுக்குச் சிகிச்சை செய்ய வருகிற வைத்தியரே பையில் சம்பந்தியாகப் போகிறவரின் ஜாதகத்தையும் கொண்டு வருகிறார். இந்த நேர்மையை நான் வேறெந்தத் தொழிலிலும் கண்டதில்லை. அன்றைக்கு எல்.என்.பியையே மாற்றினோம். அம்மா, "இருக்கிறத வச்சிக்குவோம்டா" என்றுவிட்டாள்.

2019ஐ மறக்கவே முடியாது. அந்த வருஷம் பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் புதிய கட்டண முறை வந்தது. வேண்டிய சானலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், இனி ரசிகனே ராஜா என்றார்கள். ராஜாவுக்கு முதல் செலவு 130 ரூபாய். ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. இது எந்தச் சானலுக்கும் இல்லை. சானல் வாங்கும் தகுதிக்கு. கோயிலுக்குள் நுழைய ஒரு சீட்டு, உள்ளே போனபின் அர்ச்சனைக்குத் தனிச் சீட்டு என்பது நமக்குப் பழக்கம்தானே. அன்றைக்கு இந்த 130 ரூபாயில் நூறு சானலுக்கு இடம் இருந்தது. தூர்தர்ஷன் சானல்கள் இருபத்தைந்து வாக்கில் நாம் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டன. எச்.டி. சானல் ஒன்று இரண்டு இடம் பிடித்தது, பஸ்ஸில் நெல் மூட்டையோடு ஏறுகிறவர் மாதிரி. பேக்கில் சேர்த்து விற்க வேண்டுமென்றால் ஒரு சானலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. எனவே நாட்டிலுள்ள பெரிய சானல்கள் பலவும் ஒரே ராத்திரியில் யோசித்து, தத்தம் மதிப்பு மிகச் சரியாக 19 ரூபாய்தான் என்று கண்டுபிடித்தன.

அப்பா அப்போது இருந்தார். அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுத உட்கார்ந்தாள். வேண்டும் என்று இடது பக்கம், வேண்டாம் என்று வலது பக்கம். அப்பா நியூஸ், கிரிக்கெட், பழைய பாட்டு என்றார். அம்மா இரண்டு சீரியல் சானல், ஒரு பக்தி சானல். கூட்டிப் பார்த்தால் முன்பு எல்லாமே வந்துகொண்டிருந்த பணத்தைவிட எண்பது ரூபாய் அதிகம். அப்பா கிரிக்கெட்டைத் தியாகம் செய்தார். அம்மா பக்திச் சானலைத் தியாகம் செய்தாள். வீட்டில் அதற்கு முன்னால் யாரும் யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அதைவிட முக்கியம் வலது பக்கம். வேண்டாம் என்று எழுத ஆரம்பித்த அம்மா தாள் தீர்ந்து இன்னொரு நாளைக் கிழித்தாள். இத்தனை வருஷம் வேண்டாதவற்றுக்கா காசு கொடுத்தோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. குருவானவர் சிஷ்யனைத் தானே கேள்வி கேட்கத் தூண்டுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் அதற்கு 153 ரூபாய் 40 காசும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டுக் குடை ஒரு சின்ன மடம். இந்த மரபின் ஆதி பீடத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் புகழ்ச்சி முழுமையாகாது. அது டிஷ் டிவி. எங்களுடையது வேறு மடம்.

ரூபர்ட் மர்டாக் ஐஸ்கைபி என்று ஒரு டிடிஎச் சேவையைக் கொண்டுவரப் பார்த்தபோது, 1997 ஜூலையில் மத்திய அரசு கேயு பேண்ட் சேவைக்கே தடை போட்டது. வானத்திலிருந்து நேராக வீட்டுக்குள் எதுவும் விழக் கூடாது என்ற அக்கறை. 2000 நவம்பரில் மனமிரங்கி, மொத்த வருமானத்தில் 10 சதவீதம் லைசென்ஸ் கட்டணம் என்று அனுமதித்தது. 2003 அக்டோபரில் சுபாஷ் சந்திராவின் ஜீ குழுமத்திலிருந்து டிஷ் டிவி வந்தது. நாட்டின் முதல் தனியார் டிடிஎச். ஆரம்பத்தில் ஸ்டார், சோனி சானல்கள் அதில் கிடையாது. இல்லாததையும் விற்கலாம் என்று காட்டியது அதுதான். பின்னாலேயே டாடா ஸ்கை, சன் டைரக்ட், பிக் டிவி, ஏர்டெல், வீடியோகான் என்று ஆறு பேர் ஆனார்கள். குடையையும் பாக்ஸையும் அடக்க விலைக்குக் கீழே போட்டிபோட்டுக் கொடுத்தார்கள். சேட்டிலைட் வாடகை ஒருபக்கம், சானல்காரர்களுக்குக் கொடுப்பது ஒருபக்கம், அரசுக்குப் பத்து சதவீதம் ஒருபக்கம். மிச்சத்தில் லாபம். மிச்சம் இருந்தால்தானே என்று கேட்பது வியாபாரிகளின் புத்தி, துறவிகளுக்கு அது கிடையாது.

தமிழ்நாட்டு அரசும் தன் பங்குக்கு அன்பு காட்டியது. 2011ல் அரசு கேபிளை 70 ரூபாய்க்குத் திரும்பக் கொண்டுவந்த கையோடு, டிடிஎச்சுக்கு 30 சதவீதக் கேளிக்கை வரி போட்டது. போட்டியாளரே வரியும் வசூலிக்கிற அழகு உலகில் எல்லாத் தொழிலுக்கும் வாய்க்காது.

டிஷ் டிவியின் கல்யாணக் கதை இன்னும் அருமை. 2018 மார்ச்சில் வீடியோகான் டி2எச்சும் அதுவும் ஒன்றாயின. அன்றைக்கு நாட்டிலேயே பெரிய டிடிஎச் கம்பெனி. பொருத்தம் பார்த்தவர் யாரோ தெரியாது. மூன்று மாதத்தில் பெண் வீடான வீடியோகான் இண்டஸ்ட்ரீஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. அடுத்த ஜனவரியில் மாப்பிள்ளை வீடான சந்திராவின் எஸ்ஸெல் குழுமம் கடன்காரர்களிடம் தவணை கேட்டுக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பங்குகள் எஸ் பேங்கில் அடகில் இருந்தன. அந்த பேங்க் 2020 மார்ச்சில் தானே மூழ்கி, ரிசர்வ் பேங்கும் ஸ்டேட் பேங்கும் சேர்ந்து முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டன. தலை துவட்டியதும் அது செய்த முதல் காரியங்களில் ஒன்று, அடகுப் பங்குகளை எடுத்துக்கொண்டு டிஷ் டிவியில் ஏறக்குறைய கால்வாசிக்குச் சொந்தக்காரராக ஆனது. நீச்சல் தெரியாதவன் ஓட்டைப் படகை ஜப்தி செய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கால்வாசிக்காரர் நிர்வாகத்தை மாற்றச் சொன்னார். நிர்வாகத்தில் இருந்த சந்திராவின் தம்பி ஜவஹர் கோயல் மாற்றமாட்டேன் என்றார். 2021 டிசம்பர் 30ல் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடி வாக்கெடுப்பும் நடந்தது. முடிவு உறைக்குள் போனது. ஜனவரி, பிப்ரவரி தாண்டி, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கண்டித்து உத்தரவு போட்ட பிறகு மார்ச்சில்தான் உறை பிரிந்தது. பார்த்தால் கம்பெனியின் வரவுசெலவுக் கணக்கையே பங்குதாரர்கள் நிராகரித்திருந்தார்கள். கோயல் 2022 செப்டம்பரில் விலகினார். அவருக்குப் பின்னால் புதிதாக வந்த இயக்குநர்கள் பலரையும் பங்குதாரர்கள் வாக்களித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். எஸ் பேங்கும் அலுத்துப்போய்த் தன் வாராக்கடன்களோடு இந்தப் பங்குகளையும் ஜே.சி. ஃபிளவர்ஸ் என்ற கடன் சீரமைப்பு நிறுவனத்துக்குத் தள்ளிவிட்டது. ரிமோட்டுக்காக வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டையை நிர்வாகக் குழு வரை கொண்டுபோன கம்பெனி இது ஒன்றுதான். சீரியல் காட்டுகிற கம்பெனி தானே சீரியலாக மாறுவதைவிட வாடிக்கையாளருக்கு வேறென்ன செய்ய முடியும்?

இதற்கிடையில் 2020 டிசம்பரில் அரசிடமிருந்து ஒரு கணக்கு வந்தது. ஆரம்ப நாள் முதலான லைசென்ஸ் கட்டணப் பாக்கி, வட்டியோடு 4,164 கோடி ரூபாய். கம்பெனி வழக்காடிக்கொண்டிருக்கிறது. கேபிள்காரருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. செல்போன் ஆப்புக்குக் கிடையாது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் மாதச் சந்தாவே வாங்குவதில்லை. வானத்தைப் பார்த்த பாவத்துக்கு இவர்கள் மட்டும் கட்ட வேண்டும். பெயருக்குக்கூடச் சண்டை நடந்தது. டிஷ் என்ற சொல் எனக்குச் சொந்தம் என்று தூர்தர்ஷன்மேல் டிஷ் டிவி வழக்குப் போட்டது. நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு ஒற்றை இலக்கம் வரை இறங்கியது, பெயரை மட்டும் விட மனம் வரவில்லை. பற்றற்றவருக்கும் கடைசியாக ஒரு பற்று இருக்கும் போலிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் 2019லேயே வாட்ச்சோ என்று ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். குடை விற்கிற கம்பெனியே, குடை எதற்கு, போனில் பாருங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறது. மற்றவர்களும் ஓடிடியைப் பேக்கில் சேர்த்துக் கொடுத்து மெல்ல மெல்ல அதே வழியைக் காட்டுகிறார்கள். பாதை தெரிந்ததும் படகை விட்டுவிடு என்று சொல்கிற படகுக்காரரை நீங்கள் பார்த்ததுண்டா?

பலன் கைமேல் தெரிகிறது. 2020 இறுதியில் ட்ராய் கணக்குப்படி காசு கொடுத்து டிடிஎச் பார்க்கிறவர்கள் ஏழு கோடியை ஒட்டி இருந்தார்கள். 2025 மார்ச்சில் 5.69 கோடி. நாலேகால் வருஷத்தில் ஒரு கோடிக்கு மேல் கரையேறியிருக்கிறார்கள். வியாபாரிகள் இதை இழப்பு என்பார்கள். எந்தப் பள்ளிக்கூடமாவது படித்து முடித்து வெளியே போகிற பிள்ளைகளை இழப்பு என்று எழுதுமா? நியூஸ் சானல்கள் யூடியூபில் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே நியூஸுக்கு மாதாமாதம் காசும் கொடுத்து, மழை வந்தால் பார்க்காமலும் இருந்த பக்தர்கள் அவர்கள். பக்குவம் வந்துவிட்டது, போய்விட்டார்கள்.

ஆறு பேராக இருந்தவர்கள் நாலு பேரானார்கள். ஏர்டெல்லும், டாடா ப்ளே என்று பெயர் மாறிவிட்ட டாடா ஸ்கையும் சேர்ந்து மூன்றாகலாமா என்று 2025 பிப்ரவரியில் பேசுவதாகச் சொன்னார்கள். மே மாதம் பேச்சு முறிந்தது. இருவருக்கும் சம்மதமான வழி கிடைக்கவில்லையாம். கூட்டிக் கழித்துப் பார்த்து, கரைகிற பனிக்கட்டி இரண்டை ஒரே தட்டில் வைத்தால் சீக்கிரம் உறையுமா என்று யோசித்திருப்பார்கள். அமெரிக்காவில் இதைவிட எளிமை. 2015ல் ஏடி அண்ட் டி கம்பெனி டைரக்டிவியை 4,850 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் அதே டைரக்டிவி அங்குள்ள டிஷ் கம்பெனியை வாங்க ஒப்புக்கொண்ட விலை ஒரு டாலர். கூடவே கிட்டத்தட்ட ஆயிரம் கோடி டாலர் கடன். கடன் கொடுத்தவர்கள் தங்கள் பாக்கியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்காததால் நவம்பரில் அந்த ஒரு டாலர் வியாபாரமும் படியவில்லை. ஒரு டாலர்கூடப் பெறாத நிலையை அடைவதற்கு நம் சித்தர்கள் எத்தனை காலம் காட்டில் அலைந்தார்கள்!

எதிர்காலம் என்ன ஆகும் என்று என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். ஒன்று மட்டும் நிச்சயம், குடைகள் எங்கேயும் போகப்போவதில்லை. ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொரு கம்பெனிக்கு ஆகாது. எந்தப் பாக்ஸும் எந்தச் சேவைக்கும் பொருந்த வேண்டும் என்று லைசென்ஸ் விதியிலேயே ஏதோ எழுதிவைத்திருந்தார்கள், அது விதியாகவே பத்திரமாக இருக்கிறது. ஆகவே மாறுகிறவர் எல்லாரும் பழைய குடையை அப்படியே விட்டுவிட்டு மாறுகிறார்கள். எங்கள் மாடியில் நின்று பார்த்தால் பதினேழு குடை தெரியும். அதில் எத்தனைக்கு உயிர் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மூன்றாம் வீட்டில் ஒன்றைக் கழற்றி மல்லாத்தி மோர்மிளகாய் காயவைக்கிறார்கள். கீழே தண்ணீர் வடிய ஓட்டை, விளிம்பில் காற்றுக்குப் பறக்காத தடுப்பு. அதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் தொடக்கத்திலேயே மிளகாயை மனதில் வைத்துச் செய்திருக்கலாம், நமக்குத்தான் இருபது வருஷமாக விஷயம் புரியவில்லை.

நாங்களும் போன ஆடியில் கரையேறினோம். அதே ஒல்லிப் பையன் வந்து வெள்ளைச் சுருளைப் பிரித்தான். அரைமணி நேரம். இப்போது அம்மா சீரியலை ஆப்பில் பார்க்கிறாள். மாமியார் வாயைத் திறந்தால் பேசி முடித்துவிட்டுத்தான் மூடுகிறாள்.

ஐப்பசி மூன்றாம் தேதி சாயங்காலம் நான் கடைத்தெருவிலிருந்து நனைந்துகொண்டே வீட்டுக்குள் ஓடி வந்தபோது, அம்மா சோபாவில் உட்கார்ந்து சீரியலில் லயித்திருந்தாள். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மாடியில் ஏழு சேலை, நாலு வேட்டி, ஒரு ஜமுக்காளம்.

பிழிந்து பிழிந்து கை வலித்த பிறகு அம்மா குடையை ஏறிட்டுப் பார்த்தாள். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காக்கை இல்லை.

"ஏண்டா, அத இன்னும் கட் பண்ணல இல்ல?"

"பண்ணல. ரீசார்ஜ்தான் போடல."

"ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசத்துக்கு மட்டும் போட்டு வுடு. ஒரே ஒரு சானல் போதும். எந்தக் கழுதையாவது இருக்கட்டும், ஓடிக்கிட்டு இருந்தாப் போதும்."

இருப்பதிலேயே மலிவான பேக் எது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.